அயர்லாந்தின் மரபிசை மாலை: கேட்கவும் கலந்துகொள்ளவும் ஒரு வழிகாட்டி

அயர்லாந்துக்குப் படிப்புக்காகவோ, மருத்துவமனை வேலைக்காகவோ, மென்பொருள் பணிக்காகவோ, விடுமுறையில் ஊர் பார்க்கவோ செல்கிறவர்கள் மோஹர் கடற்பாறைகளையும் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் பழைய நூலகத்தையும் தவறாமல் பார்த்துவிடுகிறார்கள். அந்நாட்டின் மரபிசையை மட்டும் கடைகளிலும் விமான நிலையத்திலும் ஒலிக்கும் பின்னணியாகக் கேட்டதோடு திரும்பிவிடுவது பெரிய இழப்பு. அந்த இசை இன்றும் ஊர்தோறும் வாரந்தோறும் மேசையைச் சுற்றி அமர்ந்து வாசிக்கப்படுகிறது. அதைக் கேட்கப் பெரும்பாலும் கட்டணம் கிடையாது. ஆனால் முன்னேற்பாடு எதுவும் இல்லாமல் போய் அமர்ந்தால், எல்லா மெட்டுகளும் ஒன்றுபோலவே ஒலிப்பதாகத் தோன்றி, அரைமணி நேரத்தில் சலிப்பு வந்துவிடக்கூடும். இந்த இசையின் பெரும்பகுதி ஆடுவதற்காகவே பிறந்தது என்பதை மனத்தில் வைத்து, மெட்டைக் காதால் பிடிப்பதற்கு முன் அதன் தாளத்தைக் காலால் பிடிக்கக் கற்றுக்கொண்டால், அந்தச் சலிப்பு நீங்கி, ஒவ்வொரு மெட்டும் தனித்தனியே துலங்கத் தொடங்கும். இந்தக் கட்டுரை அதற்கான வழியைத்தான் சொல்ல முயல்கிறது.

எந்த மாலை, எந்த இடம்

மரபிசை மாலை என்ற பெயரில் அயர்லாந்தில் மூன்று வகையான நிகழ்வுகள் நடக்கின்றன. முதலாவது ‘செஷன்’. ஒரு பப்பின் மூலையில் நான்கைந்து பேரோ பத்துப் பதினைந்து பேரோ மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒலிபெருக்கி இல்லாமல், ஒருவரையொருவர் பார்த்தபடி வாசிப்பது இது. பழங்காலத்திலிருந்தே பப்புகளில் இப்படித்தான் நடந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் லண்டனில் கட்டட வேலைக்குப் போன அயர்லாந்துத் தொழிலாளர்கள், தங்கள் வாடகை அறைகளில் இடமில்லாததால் பப்புகளில் கூடி வாசித்தபோது உருப்பெற்ற வழக்கம் இது. 1960களில்தான் அயர்லாந்திலும் பரவி வேரூன்றியது. அதற்கு முன் இந்த இசை வீடுகளின் சமையலறைகளிலும் சாலைச் சந்திப்புகளிலும் ஒலித்தது.

இரண்டாவது, மேடை நிகழ்ச்சி. 1951இல் முல்லிங்கர் நகரில் தொடங்கப்பட்ட ‘கோல்தஸ்’ என்ற அமைப்பு டப்ளினின் மங்ஸ்டவுன் பகுதியில் தன் தலைமையகத்தை வைத்திருக்கிறது. இசை, பாட்டு, ஆட்டம் மூன்றையும் சேர்த்து வழங்கும் மாலைகளை அங்கும் நாட்டின் வேறு பல ஊர்களிலும் கோடைக்காலத்தில் நடத்துகிறது. டிராலி நகரின் ‘ஷீம்சா தீரா’ நாட்டார் அரங்கும் கேஷல் நகரின் ‘புரூ போரூ’ மையமும் இந்த வகையில் பெயர் பெற்றவை. மூன்றாவது ‘கேய்லி’: ஒரு மண்டபத்தில் இசைக்குழு வாசிக்க, ஊரார் அனைவரும் இறங்கி ஆடும் இரவு.

முதல் முறை செல்பவர்கள், அதிலும் குழந்தைகளோடு செல்பவர்கள், மேடை நிகழ்ச்சியில் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து. அங்கே ஒவ்வொரு கருவியையும் ஆட்டத்தையும் அறிமுகப்படுத்திப் பேசுவார்கள்; தெளிவாகப் பார்க்கலாம்; நிகழ்ச்சியும் நேரத்தோடு முடியும். ஆனால் அதோடு நின்றுவிட வேண்டாம். மேடையில் கிடைப்பது ஒழுங்குபடுத்திய ஓர் அறிமுகம் மட்டுமே. அடுத்து எந்த மெட்டு வரும் என்று வாசிப்பவர்களுக்கே தெரியாத அந்தத் துடிப்பு செஷனில்தான் கிடைக்கும்.

செஷனைத் தேடும்போது ஓர் எளிய அடையாளத்தை நினைவில் கொள்ளுங்கள். மேடையும் ஒலிவாங்கியும் வைத்து, ஒருவரோ இருவரோ கிட்டாருடன் நின்று, எல்லோருக்கும் தெரிந்த பாடல்களைப் பாடினால் அது கச்சேரி. வாசிப்பவர்கள் உங்களுக்கு முதுகைக் காட்டியபடி வட்டமாக அமர்ந்திருந்தால் அது செஷன். டப்ளினில் ஸ்மித்ஃபீல்ட் பகுதியின் ‘காபிள்ஸ்டோன்’ பப் இந்த இசைக்கு உறுதியான இருப்பிடம். அந்த இடத்தில் விடுதி கட்ட 2021இல் திட்டம் வந்தபோது இசைக்கலைஞர்களும் பொதுமக்களும் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். மாநகராட்சியும் அனுமதி மறுத்துவிட்டது.

மேற்கே கிளேர் மாவட்டம்தான் என் முதல் பரிந்துரை. டூலின் சிற்றூர், எனிஸ் நகரம், மில்டவுன் மால்பே ஆகிய மூன்றும் அங்கே உள்ளன. டூலின், மிக்கோ ரஸல் என்ற தகரக்குழல் கலைஞரும் அவருடைய சகோதரர்களும் வாழ்ந்து வாசித்த ஊர். மோஹர் கடற்பாறைகளுக்கு மிக அருகில் இருக்கிறது. டப்ளினிலிருந்து ஒருநாள் சுற்றுலாப் பேருந்தில் வருகிறவர்கள் அந்த ஊரில் மதிய உணவு சாப்பிட்டுவிட்டு மாலைக்குள் திரும்பிவிடுகிறார்கள். செஷன் தொடங்குவதோ பெரும்பாலும் இரவு ஒன்பது, ஒன்பதரை மணிக்குத்தான். கடற்பாறைகளைப் பார்க்கப் போகும் திட்டம் இருந்தால், டூலினிலேயே ஓர் இரவு தங்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஜூலைத் தொடக்கத்தில் செல்ல முடிந்தால், இல்லன் பைப் என்ற துருத்திக் குழல் கருவியின் கலைஞர் வில்லி கிளான்சியின் நினைவாக 1973 முதல் மில்டவுன் மால்பேயில் நடைபெறும் கோடைக்காலப் பள்ளி வாரத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பகலில் வகுப்புகளும் இரவில் ஊரின் ஏறத்தாழ எல்லாப் பப்புகளிலும் செஷன்களும் நடக்கும். ஆகஸ்டில் கோல்தஸ் நடத்தும் ‘ஃப்ளா கியோல்’ பெருவிழா ஊர் மாறி மாறி நடப்பது, பெருங்கூட்டம் கூடும், தங்குமிடத்தைப் பல மாதங்களுக்கு முன்பே உறுதி செய்ய வேண்டும்.

பப் என்ற சொல்லைக் கேட்டுத் தயங்குகிறவர்களுக்குச் சில விவரங்கள். மது அருந்தாமல் ஒரு மாலை முழுவதும் அங்கே அமர்ந்திருப்பதை யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. தேநீரோ பழச்சாறோ கேட்டு வாங்கலாம். ஏதேனும் ஒன்றை வாங்குவது மட்டும் மரியாதை, ஏனெனில் இசைக்குத் தனிக் கட்டணம் இல்லை. 2004 முதல் உள்ளே புகைபிடிக்கத் தடை இருக்கிறது. சிறுவர்களைப் பெற்றோருடன் பொதுவாக இரவு 9 மணி வரையிலும், மே முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் 10 மணி வரையிலும்தான் அனுமதிப்பார்கள். ஆகவே குழந்தைகளோடு செல்பவர்கள், பல ஊர்களில் ஞாயிறு பிற்பகலில் நடக்கும் செஷன்களை விசாரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மேசையைச் சுற்றி

தொடங்குவதற்கு அரைமணி நேரம் முன்பே சென்றால், வட்டத்துக்கு ஒட்டினாற்போல் இடம் கிடைக்கும். காலியாகத் தெரிகிறது என்பதற்காக மூலை மேசையில் அமர்ந்துவிட வேண்டாம். அது வாசிப்பவர்களுக்காக ஒதுக்கியதாக இருக்கும். பப்பின் உரிமையாளர் இரண்டு மூன்று பேருக்கு ஊதியம் கொடுத்து வரச் சொல்லியிருப்பார். அவர்களே அந்த இரவை வழிநடத்துவார்கள். மற்றவர்கள் தாமாக வந்து சேர்கிறவர்கள்.

கருவிகளில் முதலில் கண்ணில் படுவது வயலின். அங்கே அதை ஃபிடில் என்பார்கள். அடுத்தது ஆறு துளைகள் கொண்ட தகரக்குழல். பெரும்பாலும் டி சுருதியில் அமைந்தது, மிக மலிவானது. துளைகளை விரலால் மூடும் மரப் புல்லாங்குழல், பொத்தான் அக்கார்டியன், கையடக்கமான அறுகோணக் கான்செர்ட்டினா, நான்கு தந்தி பாஞ்சோ ஆகியவையும் மெட்டை வாசிப்பவை. கிட்டாரும் பூசூக்கி என்ற தந்திக் கருவியும் பின்னணி தருபவை. பூசூக்கி 1960களின் இறுதியில் கிரேக்கத்திலிருந்து வந்து இந்த இசையில் கலந்தது.

இல்லன் பைப் வாசிப்பவர் ஒருவர் இருந்தால் அவர் அருகே அமர்ந்து கவனியுங்கள். ஸ்காட்லாந்தின் பைப்பைப் போல இதை வாயால் ஊதுவதில்லை. வலது முழங்கையின் கீழ் கட்டிய துருத்தியை அமுக்கி, இடது அக்குளில் உள்ள பைக்குக் காற்றை அனுப்பி, அதிலிருந்து மெட்டு வாசிக்கும் குழலுக்குக் காற்று செல்லும்படி அமைந்திருக்கிறது. குழலின் அடிவாயைத் தோல் துண்டு விரித்த தொடைமேல் அழுத்தி மூடினால் ஒலி நின்று, சுரங்கள் வெட்டி வெட்டி விழும். தூக்கினால் நீண்டு ஒலிக்கும். மூன்று சுருதிக் குழல்கள் இடைவிடாமல் ஆதார சுருதியைப் பிடித்திருக்க, வலது மணிக்கட்டால் வேறு குழல்களின் சாவிகளை அழுத்தி அவ்வப்போது இணைச்சுரங்களையும் எழுப்புவார்கள். ஒரே மனிதரின் இரண்டு கைகள், முழங்கை, மணிக்கட்டு, தொடை ஆகிய அனைத்தும் தனித்தனி வேலை செய்வதை அருகிலிருந்து பார்ப்பதே பெரிய அனுபவம். 2017இல் யுனெஸ்கோ இக்கலையை மானுடத்தின் அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ஆட்டுத்தோல் போர்த்திய வட்டமான பௌரான் பறையைத் தொன்மையான கருவி என்று பலர் எண்ணுகிறார்கள். இசைக்குழுக்களில் அதற்கு இன்றுள்ள இடம் 1960களில் ஷான் ஓ ரீயடா என்ற இசையமைப்பாளரின் முயற்சியால் வந்தது. ஒரு கை சிறு கோலால் அடிக்க, மறு கை தோலின் உட்புறத்தை அழுத்தியும் தளர்த்தியும் ஒலியின் உயரத்தை மாற்றிக்கொண்டே இருக்கும்.

தாளத்தைப் பிடிப்பது

இனிதான் முக்கியமான பகுதி. இந்த மெட்டுகளில் பெரும்பாலானவை ஒரே கட்டமைப்பு கொண்டவை: எட்டுத் தாளக்கட்டுகள் கொண்ட முதற்பகுதி இரண்டு முறை, எட்டுத் தாளக்கட்டுகள் கொண்ட இரண்டாம் பகுதி இரண்டு முறை, ஆக முப்பத்திரண்டு. இரண்டாம் பகுதி பெரும்பாலும் மேல் சுரங்களுக்கு ஏறும். அந்த ஏற்றத்தைக் காது பிடித்துவிட்டால், மெட்டில் எங்கே இருக்கிறோம் என்பது தெரிந்துவிடும். மெட்டு முழுவதையும் ஒருமுறை வாசிக்க ஏறத்தாழ 35 முதல் 40 நொடி ஆகும். அதை மூன்று முறை வாசித்ததும் நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். இப்படி இரண்டு மூன்று மெட்டுகள் சேர்ந்தது ஒரு கோவை.

இப்போது வகைகளைப் பிரித்தறிவோம். நமக்குச் சொற்கட்டு பழக்கமானது என்பதால் இது எளிது. ‘தகிட தகிட’ என்று திஸ்ர நடையில் கால் தட்டினால் பொருந்துகிறதா? அது ஜிக். அதே ‘தகிட’ ஒரு கட்டுக்கு மூன்று முறை வந்து, ஒற்றைப்படைக் கணக்கில் மிதப்பது போலத் தோன்றினால் அது ஸ்லிப் ஜிக். மென்மையான காலணியுடன் ஆடும் பெண்களின் ஆட்டத்துக்கு இது பெயர் பெற்றது. ‘தகதிமி தகதிமி’ என்று வேகமான சதுஸ்ர நடை ஓடினால் ரீல். எந்தச் செஷனிலும் ரீல்களே அதிகம். அதே நான்கு, சற்று நிதானமாக, இரண்டிரண்டாக வரும் சுரங்களில் முதலாவது நீண்டு இரண்டாவது குறுகி ஊஞ்சலாடினால் அது ஹார்ன்பைப். பகுதியின் முடிவில் மூன்று அழுத்தமான சுரங்கள் வருவது அதன் முத்திரை. போல்கா, ‘தக திமி’ என்று துள்ளும் இரட்டைத் தாளம். ஸ்லைட், ஜிக்கைவிட வேகமாக வழுக்கி ஓடும் திஸ்ரம். கடைசி இரண்டும் கார்க், கெர்ரி மாவட்டங்களின் எல்லையில் உள்ள ஷ்லீவ் லூக்ரா பகுதிக்கு உரியவை என்றே சொல்லலாம்.

இந்தச் சொற்கட்டுப் பழக்கம் அவர்களுக்கும் அந்நியமானது அல்ல. கருவி வாசிப்பவர் இல்லாத வீடுகளில், ஆடுபவர்களுக்காக மெட்டை வாயாலேயே பொருளற்ற அசைகளில் பாடும் ‘லில்ட்டிங்’ என்ற கலை அங்கே உண்டு. அதற்குப் போட்டிகளும் நடக்கின்றன.

தாளம் பிடிபட்ட பிறகு மெட்டுக்குள் செல்லுங்கள். பெரும்பாலான மெட்டுகள் நான்கு சுர அடுக்குகளில் அடங்கும். கர்நாடக இசை தெரிந்தவர்கள் சங்கராபரணம், அரிகாம்போதி, கரகரப்பிரியா, நடபைரவி ஆகியவற்றின் சுரங்களாக அவற்றை அடையாளம் காணலாம். ஆனால் ராகமாக விரித்துப் பாடும் முறை அங்கே இல்லை. எல்லோரும் ஒரே மெட்டை ஒன்றாக வாசிப்பார்கள். ஆனால் இருவர் ஒரே மாதிரி வாசிப்பதில்லை. நீண்டு நிற்க வேண்டிய ஒரு சுரத்தை, மேலே ஒரு சுண்டல், கீழே ஒரு தட்டல் கொடுத்து ஐந்து துளிகளாக உடைக்கும் ‘ரோல்’ என்ற அணியைத் தகரக்குழல்காரரின் விரல்களில் பாருங்கள்: விரல் மேலே பறப்பதும் கீழே தொடுவதும் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அதே இடத்தில் ஃபிடில்காரர் வில்லை மும்முறை நடுக்கிவிடுவார். மூன்றாம் முறை மெட்டு வரும்போது இந்த அணிகள் முதல் முறை வந்த இடத்தில் வருவதில்லை. கற்பனை அங்கேதான் இருக்கிறது.

ஒரு மெட்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும் அந்த நொடிக்காகக் காத்திருங்கள். வழிநடத்துபவர் தலையை உயர்த்திப் பார்ப்பார். சில நேரம் ‘ஹப்’ என்று ஒரு குரல் எழும். சுருதி மையம் மாறிப் புது மெட்டு எழும்பும்போது அறை முழுவதும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காரும். கைதட்டலைக் கோவை முழுவதும் முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள். நடுவே தாளத்துக்குக் கைதட்டுவது வாசிப்பவர்களின் வேகத்தைக் குலைக்கும். கால் தட்டுவதில் தவறில்லை.

வட்டாரப் பாணிகளும் உண்டு. ஸ்லைகோ மாவட்ட ஃபிடில் அணிகள் நிறைந்து துள்ளும். டொனிகாலில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனி வில் போட்டு வெட்டி வாசிப்பார்கள். கிளேரின் கிழக்குப் பகுதியில் வேகம் குறைந்து, ஏக்கம் கூடும். ஸ்லைகோ பாணி நாடெங்கும் பரவியதற்குக் காரணம் நியூயார்க்கில் குடியேறிய ஃபிடில் கலைஞர் மைக்கேல் கோல்மன் 1920களில் பதிவு செய்த இசைத்தட்டுகள். அவை கடல் கடந்து தாயகம் திரும்பியதும், கிராமத்துக் கலைஞர்கள் பலர் தங்கள் ஊர்ப் பாணியை விட்டு அவரைப் பின்பற்றத் தொடங்கினார்கள். மெட்டுகளைத் தொகுத்ததிலும் அமெரிக்காவின் பங்கு பெரிது. கார்க் மாவட்டத்தில் பிறந்து சிகாகோ காவல்துறைத் தலைவராக உயர்ந்த ஃபிரான்சிஸ் ஓநீல், அந்நகரில் இருந்த அயர்லாந்துக் காவலர்களிடமிருந்தும் குடியேறியவர்களிடமிருந்தும் கேட்டுத் திரட்டி, 1903இல் 1,850 மெட்டுகள் கொண்ட தொகுப்பை வெளியிட்டார். 1907இல் வந்த அவருடைய 1,001 ஆட்ட மெட்டுகளின் தொகுப்பு இன்றும் கலைஞர்களின் கையில் இருக்கிறது. நம் பக்கமும் இந்த இசையின் துளிகள் வந்திருக்கின்றன: முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் சில, கம்பெனிக் காலத்தில் இங்கு ஒலித்த அயர்லாந்து, ஸ்காட்லாந்து மெட்டுகளின் மேல் எழுந்தவை.

பாட்டு வரும்போது

செஷனின் நடுவே திடீரென்று ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்குவார். சுற்றிலும் ‘உஷ்’ என்ற ஒலி பரவும். அந்தக் கணத்தில் உரையாடலை உடனே நிறுத்திவிடுங்கள். கைப்பேசியை மேசையில் கவிழ்த்து வையுங்கள். எழுந்து நடக்க வேண்டாம். பானம் கேட்டுப் பணியாளரை அழைக்கவும் வேண்டாம். இந்த மாலையில் ஒருவர் கடைப்பிடிக்க வேண்டிய மரியாதைகளில் தலையாயது இதுவே.

‘ஷான் நோஸ்’ எனப்படும் பழைய முறைப் பாட்டுக்குப் பக்கவாத்தியம் கிடையாது. சீரான தாளமும் கிடையாது. ஐரிஷ் மொழியின் அசைகளுக்கு ஏற்ப வரி நீளும், குறுகும். அசைகளின் மேல் நுண்ணிய சுழிவுகள் விழும். முகத்தில் நடிப்பு இராது. குரலை ஏற்றி இறக்கி உணர்ச்சியைக் காட்டுவதும் இல்லை. கால்வே மாவட்டத்தின் கானமாரா பகுதி இதன் கோட்டை. அங்கே கார்னா ஊரில் பிறந்த ஜோ ஹீனி (1919–1984) இந்த மரபின் மிகப் பெரிய குரல்களில் ஒருவர். பின்னாளில் அமெரிக்காவின் சியாட்டிலில் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அருகில் அமர்ந்தவர் பாடுபவரின் கையைப் பற்றி மெல்லச் சுழற்றிக்கொண்டே கேட்பதையும், கடைசிச் சொற்களைப் பாடாமல் பேச்சாகச் சொல்லிப் பாட்டை முடிப்பதையும் நீங்கள் காணலாம். வரிகளுக்கு இடையே ‘மா ஹூ’ என்று மெல்லிய குரலில் பாராட்டுவது அங்குள்ள வழக்கம். நாம் ‘சபாஷ்’ என்பது போன்றது.

ஆங்கிலப் பாடல்களும் ஏராளம். 1840களின் பெரும்பஞ்சம், குடிபெயர்வு, நிலத்திலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள், கைகூடாத காதல் எனக் கதை நீளும். பல்லவி உள்ள பாடல் என்றால் சுற்றியிருப்பவர்கள் சேர்ந்து பாடுவார்கள், நீங்களும் சேரலாம். பல்லவி இல்லாததில் சேர்ந்து முணுமுணுக்க வேண்டாம்.

பாட்டுக்கே உரிய கூட்டங்களில், பாடி முடித்தவருக்கு அடுத்துப் பாட வேண்டியவரை அழைக்கும் உரிமை உண்டு; இதை ‘நோபிள் கால்’ என்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்று தெரிந்தால் உங்களையும் அழைக்கலாம். ஆகவே தாலாட்டோ நடவுப்பாட்டோ தெம்மாங்கோ, பக்கவாத்தியம் இல்லாமல் பாடக்கூடிய ஒரு தமிழ்ப் பாடலை முன்கூட்டியே தயார் செய்துகொள்ளுங்கள். அது எதைப் பற்றியது என்று இரண்டு வாக்கியங்களில் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மூன்று நான்கு நிமிடத்துக்குள் பாடி முடியுங்கள். மொழி புரியாத பாட்டை அமைதியாகக் கேட்பது அவர்களுக்குப் பழகியது. அந்நாட்டிலேயே ஐரிஷ் மொழிப் பாடல்களின் சொற்கள் விளங்காமல் கேட்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். குரல் சிறப்பாக இல்லையே என்ற தயக்கம் வேண்டாம். அங்கே மதிக்கப்படுவது பாட்டும் அதைப் பாடும் நேர்மையுமே.

கால்களைக் கவனிப்பது

ஸ்டெப் நடனம் என்றதும் நினைவுக்கு வருவது, 1994 ஏப்ரல் 30 அன்று டப்ளினில் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியின் இடைவேளையில் ஏறத்தாழ ஏழு நிமிடம் நிகழ்ந்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்த ரிவர்டான்ஸ். கைகளை உடலோடு ஒட்டி, மேலுடல் அசையாமல், கால்களால் மட்டும் பேசும் அந்தப் போட்டிப் பாணி, வகுப்புகளில் ஆண்டுக்கணக்கில் பயின்று வருவது. கானமாராவின் ஷான் நோஸ் நடனமோ வேறு வகை: கைகள் தளர்ந்து தொங்கும், பாதம் தரையை விட்டு அதிகம் எழாது, முன்னமே அமைத்த வரிசை இல்லாமல் அந்த நேரத்து மெட்டுக்கு ஏற்ப ஆடுபவர் அடிகளைப் போட்டுக்கொண்டே போவார். பழைய நாட்களில் மண்தரையில் ஓசை எழாது என்பதால் வீட்டுக் கதவைக் கழற்றித் தரையில் போட்டு ஆடியிருக்கிறார்கள். இன்றும் இதற்காகச் சிறு பலகை ஒன்றைக் கொண்டுவந்து போடுவதைக் காணலாம்.

போட்டிப் பாணி ஆட்டத்தைப் பார்க்கும்போது பாதத்தை மட்டும் பாருங்கள். ஓர் அடிக்கோவையை முதலில் வலது காலால் தொடங்கி எட்டுத் தாளக்கட்டுகளுக்கு ஆடுவார். பிறகு அதையே இடது காலால் தொடங்கி எட்டுக்கு ஆடுவார். மெட்டின் ஒவ்வொரு பகுதியும் இருமுறை வருவதோடு இது அப்படியே பொருந்தும். முன்பு எண்ணிப் பழகிய கணக்கு இங்கே கண்ணுக்கு முன்னால் நடக்கும். மென்காலணி ஆட்டத்தில் உடல் காற்றில் எழும்பும். கண்ணாடியிழை பதித்த முனையும் குதிகாலும் கொண்ட வன்காலணி ஆட்டத்தில் கால்களே தாளக்கருவியாகிவிடும். அப்போது கண்ணை மூடிக் கேளுங்கள். ஹார்ன்பைப்பின் அந்த மூன்று சுர முடிவில் மூன்று அடிகள் விழுவது தெளிவாகக் கேட்கும்.

வீட்டு ஆட்டங்கள் குறைந்ததற்கு ஒரு சட்டமும் காரணம். பொது ஆட்டங்களுக்கு உரிமம் வேண்டும் என்று 1935இல் வந்த சட்டத்தை, மதகுருமார்களும் காவலர்களும் சமையலறை ஆட்டங்கள் மீதும் கடுமையாகச் செலுத்தினார்கள். ஆட்டம் மண்டபத்துக்கு இடம் மாறியது. பெரிய மண்டபத்தை ஒலியால் நிரப்ப டிரம்மும் பியானோவும் சேர்ந்த கேய்லி இசைக்குழுக்கள் வளர்ந்தன. கிளேரின் கில்ஃபெனோரா இசைக்குழு அதற்கும் முன்பிருந்தே, 1909 முதல் தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது.

கேய்லிக்குச் சென்றால் ஓரமாக அமர்ந்திருக்க விடமாட்டார்கள். நான்கு இணைகள் சதுரமாக நின்று ஆடும் ‘செட்’ ஆட்டம், 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு சதுர ஆட்டங்களிலிருந்து வந்து, ஊருக்கு ஊர் வடிவம் மாறியது. அறிவிப்பவர் ஒவ்வொரு நகர்வையும் உரக்கச் சொல்லும் கேய்லியாகப் பார்த்துச் செல்லுங்கள். முதல் செட்டைப் பார்த்துவிட்டு, இரண்டாவதில் இசைக்குழுவுக்கு அருகிலுள்ள முதல் இணையாக நிற்காமல் பக்கவாட்டு இணையாக நில்லுங்கள். பெரும்பாலான நகர்வுகளை முதல் இணைகள் ஆடிக் காட்டிய பிறகே பக்க இணைகளின் முறை வரும். ரப்பர் அடிப்பாகம் கொண்ட விளையாட்டுக் காலணி தரையைப் பிடித்து மூட்டை வருத்தும்; வழவழப்பான அடிப்பாகம் உள்ளதே ஏற்றது. சுழலும்போது தரையைப் பார்த்தால் தலை சுற்றும். இணையின் முகத்தையோ தோளையோ பாருங்கள். இரவின் முடிவில் தேசிய கீதம் வாசிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அனைவரும் அப்படியே நிற்பார்கள்.

கருவியோடு சேர விரும்பினால்

வயலினோ புல்லாங்குழலோ தெரிந்தவர்கள், நேராகக் கருவியை எடுத்து வாசிக்கத் தொடங்க வேண்டாம். முதலில் சில வாரங்கள் கேட்பவராகவே செல்லுங்கள். பிறகு வழிநடத்துபவரிடம் இடைவேளையில் அனுமதி கேளுங்கள். தெரிந்த மெட்டு வந்தால் மட்டும் வாசித்து, தெரியாததில் கருவியை மடியில் வைத்துக் கேட்பது முறை. தெரியாத மெட்டின் மேல் கற்பனையாக இணைச்சுரம் போடுவதை அவர்கள் விரும்புவதில்லை. கர்நாடக முறைக்குச் சுருதி சேர்த்த வயலினை மேற்கத்திய முறைக்கு, அதாவது ஜி, டி, ஏ, இ என்று மாற்றிச் சேர்க்க வேண்டும். பௌரான் ஒரு நேரத்தில் ஒன்றுக்கு மேல் ஒலிப்பது விரும்பப்படுவதில்லை, கிட்டாருக்கும் அப்படியே. எழுதிய தாளை முன்னால் விரித்து வைப்பது செஷனில் வழக்கம் இல்லை; மெட்டுகள் காதால் கற்று மனத்தில் வைக்கப்படுபவை. ஒலிப்பதிவு செய்ய விரும்பினால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கற்பதற்காக என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

அந்நாட்டிலேயே வசிப்பவர்களுக்குக் கற்க வழிகள் நிறைய உண்டு. கோல்தஸ் கிளைகள் பல ஊர்களில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் தகரக்குழல், ஃபிடில், செட் ஆட்ட வகுப்புகள் நடத்துகின்றன; பள்ளி ஆண்டு தொடங்கும் செப்டம்பரில் விசாரித்தால் இடம் கிடைப்பது எளிது. இல்லன் பைப் கற்க 1968இல் தொடங்கப்பட்ட கலைஞர் சங்கம் டப்ளினின் ஹென்ரியட்டா தெருவில் இருக்கிறது. 1987இல் நிறுவப்பட்டு இப்போது மெரியன் சதுக்கத்தில் இயங்கும் அயர்லாந்து மரபிசை ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவுகளை எவரும் இலவசமாகக் கேட்கலாம். ஒரு டி சுருதித் தகரக்குழலை வாங்கி, ஒரு ஜிக்கையும் ஒரு ரீலையும் மெதுவாக, அணிகள் இல்லாமல், தாளம் தவறாமல் வாசிக்கப் பழகிய பிறகு, புதியவர்களுக்காகவே வேகத்தைக் குறைத்து வாசிக்கும் ‘மெது செஷன்’ உங்கள் ஊரில் எந்தக் கிழமை நடக்கிறது என்று கோல்தஸ் கிளையிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.